பழைய வீடியோ கேம் பெட்டி: பட்டன் ஒயரிங் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் திரையில் நிற்பவன் கையை ஓங்க மாட்டேன் என்கிறான். இதற்கு நம் பக்கத்தில் நடக்கும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: பட்டனைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவது. புதியதும் வேலை செய்யாவிட்டால் 'போர்டு போய்விட்டது' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பட்டனுக்கும், விளையாட்டை ஓட்டும் சர்க்யூட் போர்டுக்கும் இடையில் ஒயர் இருக்கிறது, ஒயர் நுனியில் பட்டனோடு மாட்டும் உலோக லக் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது. கோளாறு பெரும்பாலும் அந்த நடுவழியில்தான் உட்கார்ந்திருக்கும்.

தொண்ணூறுகளில் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நாணயம் போட்டு ஆடிய பெட்டிகளில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பாதிப் பட்டன்கள் ஊமையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்தால் போதும். வரிசை மாறாமல் போனால் ஒரு பட்டனைக்கூட வீணாக வாங்க வேண்டியிருக்காது.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய பெட்டியில் இருப்பது படக்குழாய் மானிட்டர். அதன் பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட தடித்த ஒயர் போகிற இடத்தில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அது சிறிது காலம் தங்கியிருக்கும். பட்டன் வேலைக்கு அந்தப் பக்கம் போகவே தேவையில்லை, போகாதீர்கள். மேலே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கும் டியூப்லைட்டுக்கு 230 வோல்ட் நேராக வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில சோதனைகளைப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் செய்ய முடியும். பட்டனில் இருப்பது 5 வோல்ட்தான், அது கையைச் சுடாது. ஆனாலும் மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். சின்னப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிறகு காட்டலாம்.

தேவைப்படுபவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், இரு முனையிலும் முதலை கிளிப் போட்ட ஒரு முழ ஒயர், லக் அடிக்கும் கிரிம்பிங் பிளையர், சால்டரிங் அயர்ன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பென்சில் அழிக்கும் ரப்பர், ஒரு நோட்டு. லக்குகளுக்கு அலைய வேண்டாம். பைக், கார் ஒயரிங் பார்க்கும் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலேயே 6.3 மில்லிமீட்டர் லக் கிடைக்கும். பெரும்பாலான பட்டன்களின் அடியில் இருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்சுக்கு 6.3 அல்லது 4.8 பொருந்தும், ஜப்பானிய பட்டன்களுக்கு 2.8 வேண்டும், அதை எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் கேட்க வேண்டும். கோவையில் கேட்டால் கடைக்காரர் முதலில் "எந்த மோட்டாருக்குங்க?" என்றுதான் கேட்பார். பழைய லக் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு மிச்சம்.

சர்க்யூட் இவ்வளவுதான்

கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தவர்கள் கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அதில் பச்சைப் பட்டன் அழுத்தினால் சேரும், சிவப்புப் பட்டன் அழுத்தினால் பிரியும். முதலாவது என்.ஓ. (நார்மலி ஓப்பன்), இரண்டாவது என்.சி. (நார்மலி க்ளோஸ்டு). கேம் பெட்டியின் மைக்ரோ சுவிட்சில் இந்த இரண்டும் ஒரே உடலில் இருக்கின்றன: காம் என்ற பொதுக் கால், என்.ஓ. கால், என்.சி. கால். நமக்கு வேண்டியவை காமும் என்.ஓ.வும் மட்டும். என்.சி. வெறுமனே நிற்கட்டும்.

போர்டுக்குள் ஒவ்வொரு பட்டன் வழியும் ஒரு ரெசிஸ்டர் மூலம் 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். பட்டனை அழுத்தினால் அந்த வழி கிரவுண்டில் சேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கும். இறங்கியதைப் பார்த்துத்தான் போர்டு 'அழுத்திவிட்டான்' என்று புரிந்துகொள்கிறது. ஆகவே பட்டனுக்கு இரண்டு ஒயர்: போர்டிலிருந்து தனியாக வரும் சிக்னல் ஒயர் என்.ஓ. காலுக்கு, எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான கிரவுண்டு ஒயர் காம் காலுக்கு.

ஸ்டார்ட்டர் அனுபவத்தோடு வருபவர் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பட்டனில் ஓடுவது காயிலைத் தூக்கும் கரண்ட். காண்டாக்டில் லேசாக அழுக்கு இருந்தாலும் பொறி பறந்து அதை எரித்துவிடும். இங்கே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஓடுவது 1 மில்லி ஆம்பியர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போதும், வழி அடைத்துக்கொள்ளும். சோதித்தால் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும் சுவிட்ச் பெட்டியில் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் இதுதான். இன்னொன்று: இங்கே கிரவுண்டு என்பது பவர் சப்ளையின் டி.சி. மைனஸ். நியூட்ரலை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடாதீர்கள்.

முதல் படி: எது, எப்படிக் கெட்டிருக்கிறது?

ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் நோட்டை எடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் நாணயக் கதவுக்குள் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும், அல்லது போர்டில் டிப் சுவிட்ச் என்ற குட்டிச் சுவிட்ச் வரிசை இருக்கும். அதைப் போட்டால் வரும் பட்டியலில் உள்ளீட்டுச் சோதனைத் திரைக்குப் போகலாம். ஒவ்வொரு பட்டனையும் ஜாய்ஸ்டிக்கின் நான்கு திசைகளையும் அழுத்தி, திரையில் மாறுவதை எழுதிக்கொள்ளுங்கள். விளையாடிப் பார்த்துச் சோதிப்பதில் அர்த்தமில்லை; எந்தப் பட்டனுக்கு அந்த விளையாட்டில் வேலையே இல்லை என்பது தெரியாது. நம் ஊர்ப் பிள்ளைகள் முஸ்தபா என்றே பெயர் வைத்துவிட்ட, காப்காம் 1993இல் வெளியிட்ட டைனோசர் விளையாட்டுக்குத் தாக்க ஒன்று, குதிக்க ஒன்று என இரண்டு பட்டன்கள்தான். மூன்றாவது பட்டன் 'செத்துவிட்டது' என்று கழற்றினால் நட்டம் நமக்குத்தான்.

எழுதிய பட்டியலே பாதி விடையைச் சொல்லும். ஒரே ஒரு பட்டன் மட்டும் செத்திருந்தால் அந்தச் சுவிட்ச், அதன் லக், அதன் சிக்னல் ஒயர் என்று தேடலாம். வரிசையாக மூன்று நான்கு பட்டன்கள், அல்லது ஒரு ஆட்டக்காரரின் பக்கம் முழுவதும் செத்திருந்தால் கிரவுண்டு சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. அல்லது பட்டன் பலகைக்கும் உள் ஒயர் கட்டுக்கும் இடையில் உள்ள பிளக் தளர்ந்திருக்கிறது. ஒன்றை அழுத்தினால் இரண்டு வேலை செய்கின்றன என்றால் இரண்டு சிக்னல் ஒயர்கள் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எலி கடித்து ரப்பர் போன இடத்தை முதலில் தேடுங்கள். அழுத்தாமலே அழுத்தியபடி காட்டினால், யாரோ என்.சி. காலில் மாட்டியிருக்கிறார்கள், பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது, அல்லது சிக்னல் ஒயர் இரும்புப் பலகையின் கீலுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கிறது.

ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு தனிக் குறிப்பு. தண்டை மேலே தள்ளினால் அதன் அடிமுனை கீழ்ப்பக்கம் போய்க் கீழே உள்ள சுவிட்சைத்தான் அழுத்தும். 'மேல்' என்ற ஒயர் கீழ்ச் சுவிட்சுக்குப் போவது சரியான ஒயரிங்தான். திருத்துகிறேன் என்று மாற்றி வைத்தவர்களால் தலைகீழான பெட்டிகள் உண்டு.

இரண்டாம் படி: குறுக்கு ஒயர் சோதனை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை ஓடவிட்டு, சோதனைத் திரையில் நிறுத்தி, பட்டன் பலகையைத் திறந்து சாய்த்து வையுங்கள். வேலை செய்யாத பட்டனின் காம் காலிலும் என்.ஓ. காலிலும் முதலை கிளிப் ஒயரின் இரு முனைகளையும் தொடுங்கள். திரையில் அந்தப் பட்டன் மாறினால் ஒயரிங் முழுவதும் சரி, சுவிட்ச்தான் குற்றவாளி. மாறாவிட்டால் சுவிட்ச் மீது பழி போட வேண்டாம், வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

எங்கே என்பதற்கும் அதே ஒயர் பதில் சொல்லும். ஒரு முனையை என்.ஓ. காலிலேயே வைத்துக்கொண்டு, மறு முனையை நன்றாக வேலை செய்யும் வேறொரு பட்டனின் காம் காலில் தொடுங்கள். இப்போது திரை மாறினால் செத்த பட்டனுக்குக் கிரவுண்டு வரவில்லை. இப்போதும் மாறாவிட்டால் சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கோளாறு கனெக்டரிலோ போர்டிலோ இருக்கிறது. இவ்வளவுக்கும் ஆகிற செலவு ஒரு முழம் ஒயர்.

ஒரே எச்சரிக்கை: வெளிச்சம் வரும் பட்டனாக இருந்தால் விளக்குக்கு 12 வோல்ட் வரும் கால்கள் தனியாக இருக்கும். அவற்றைச் சிக்னல் காலோடு சேர்த்துவிட்டால் போர்டின் ஐ.சி. (சிப்) அங்கேயே முடிந்தது. எது எந்தக் கால் என்று சுவிட்ச் உடலில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

மூன்றாம் படி: மீட்டர் என்ன சொல்கிறது?

மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பட்டன் பலகையில் வைக்காதீர்கள். பவர் சப்ளையின் கிரவுண்டு முனையிலேயே கிளிப் போட்டு நிறுத்துங்கள். பலகையின் கிரவுண்டே சந்தேகத்துக்குரியதாக இருக்கும்போது அதை அளவுகோலாக வைத்து என்ன பயன்?

சிவப்பு முனையை என்.ஓ. காலில் வையுங்கள். அழுத்தாதபோது 5 வோல்ட்டுக்கு அருகில் காட்ட வேண்டும், அழுத்தினால் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். அழுத்தியும் 5இலேயே நின்றால் கிரவுண்டு இல்லை, அல்லது சுவிட்ச் சேரவில்லை. இந்த இரண்டையும் பிரிக்க, சிவப்பு முனையைக் காம் காலுக்கு மாற்றி அழுத்திப் பாருங்கள். காம் எப்போதும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அழுத்தும்போது அதுவும் 5க்கு ஏறினால் சுவிட்ச் சேருகிறது, கிரவுண்டுதான் அறுந்திருக்கிறது.

அழுத்தாமலே பூஜ்யம் காட்டினால் அவசரப்பட வேண்டாம். திரையில் அந்தப் பட்டன் அழுத்தியதாகத் தெரிந்தால் சிக்னல் கிரவுண்டில் ஒட்டியிருக்கிறது. திரையில் ஒன்றும் தெரியாவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. போர்டின் 5 வோல்ட் இங்கே வந்து சேரவே இல்லை. மீட்டர் காட்டும் எண் இரண்டுக்கும் ஒன்றுதான், திரையைச் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

நான்காம் படி: கிரவுண்டு சங்கிலி

பெட்டி செய்தவர்கள் ஒயரை மிச்சப்படுத்த, ஒரே கறுப்பு ஒயரைப் பட்டனுக்குப் பட்டன் தாவவிட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு லக்கில் இரண்டு ஒயர் சேர்ந்து நுழையும்: ஒன்று முந்தைய பட்டனிலிருந்து வருவது, மற்றொன்று அடுத்ததற்குப் போவது. நடுவில் ஒரு லக் நழுவினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இருட்டில். பொருட்காட்சிக்குப் பொருட்காட்சி டெம்போவில் ஏறி இறங்கிய பெட்டி என்றால் இதை எதிர்பார்த்தே திறக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் (வழி தொடர்ந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, சப்ளை கிரவுண்டிலிருந்து ஒவ்வொரு காம் காலாகப் போங்கள். பீப் சத்தம் நின்ற இடத்துக்கும் அதற்கு முந்தைய பட்டனுக்கும் இடையில்தான் அறுபட்டிருக்கிறது. பீப் சத்தத்தை மட்டும் நம்பவும் கூடாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் கத்தும். ஓம் அளவுக்கு மாற்றிப் பாருங்கள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்தபின் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும்.

லக் வெளியே பளபளப்பாக இருக்கும், ஏமாற வேண்டாம். சந்தேகப்படும் லக்கைப் பிடித்து லேசாக இழுங்கள். ஒயர் கையோடு வந்துவிடலாம். வராவிட்டால் பிளாஸ்டிக் உறையைப் பின்னுக்குத் தள்ளி, ஒயரின் ரப்பரை அரை அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு சிவப்பாக இருக்க வேண்டும். இழைகள் கறுத்து, லக் கடித்த இடத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தால், எப்போதோ யாரோ கொட்டிய கலர் சோடா அந்த ஒயரின் உள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. அதன்மேல் ஈயம் ஒட்டாது. நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டிவிட்டுப் புதிய லக் அடியுங்கள். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கி, டேப் சுற்றும் வேலை வேண்டவே வேண்டாம். நம் கோடையில் டேப்பின் பசை உருகி ஒயரெல்லாம் ஒட்டும், டேப் கழன்று தொங்கும்.

வேலையோடு வேலையாக, சங்கிலியின் கடைசிப் பட்டனிலிருந்து ஒரு ஒயரை மீண்டும் முதல் கிரவுண்டுக்குக் கொண்டுவந்து வளையமாக முடித்துவிடுங்கள். பிறகு எங்காவது ஒரு லக் நழுவினாலும் மறுபக்கத்திலிருந்து கிரவுண்டு வந்து சேரும்.

ஐந்தாம் படி: சுவிட்ச்

குறுக்கு ஒயர் சோதனை சுவிட்சைக் குற்றம் சொன்னால் மட்டும் இங்கே வாருங்கள். மைக்ரோ சுவிட்ச் 'டிக்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சத்தம் மழுங்கியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது, விலை குறைவுதான். அவசரத்துக்குத் திறந்து பார்க்கலாம்: ஒரு சிறிய செம்பு வில், அதன் நுனியில் ஒரு புள்ளி, எதிரே இன்னொரு புள்ளி. திருப்பூர், பல்லடம் பக்கத்துப் பெட்டிகளில் அந்த இரு புள்ளிகளுக்கும் நடுவே பஞ்சுத் துகள் மெத்தை போட்டிருப்பதைப் பார்க்கலாம். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் பக்கத்தில் வைத்த பெட்டிக்கு அது தப்பாது. ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் புழுதியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை இரு புள்ளிகளுக்கும் நடுவே வைத்து இழுத்தால் சுத்தமாகும்.

எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தைய பெட்டிகளில் மைக்ரோ சுவிட்சுக்குப் பதில் இரண்டு தகடுகள் எதிரெதிரே நிற்கும் லீஃப் சுவிட்ச் இருக்கலாம். இதற்கு உப்புத்தாள் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தகட்டு நுனியில் இருக்கும் மெல்லிய தங்க முலாம் ஒரே தேய்ப்பில் போய்விடும். தடித்த விசிட்டிங் கார்டை நடுவே வைத்து, தகடுகளை லேசாக அழுத்திக்கொண்டு இழுத்தால் போதும். இடைவெளி அகன்றிருந்தால் தகட்டின் அடியில் மெல்ல வளைக்க வேண்டும், நுனியில் வளைக்கக் கூடாது.

ஆறாம் படி: 56 கால் கனெக்டர்

1985இல் ஜப்பானிய விளையாட்டு இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் ஜாமா என்ற பொதுவான ஒயரிங் முறையைக் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த பெரும்பாலான போர்டுகளிலும், இன்று கிடைக்கும், ஒரே போர்டில் அறுபது விளையாட்டு அடங்கிய போர்டிலும் இதே கனெக்டர்தான்: பக்கத்துக்கு 28 வீதம் 56 கால், இடைவெளி 3.96 மில்லிமீட்டர். அதற்கு முந்தைய பெட்டி என்றால் அந்தப் பெட்டிக்கே உரிய வரைபடம் வேண்டும், கீழே உள்ள எண்கள் பொருந்தாது.

போர்டில் உதிரிபாகங்கள் இருக்கும் பக்கம் முதல் ஆட்டக்காரருக்கு, ஈயம் வைத்த பக்கம் இரண்டாமவருக்கு. இரு பக்கமும் ஒரே இடவரிசை: 16 நாணயம், 17 ஸ்டார்ட், 18 மேல், 19 கீழ், 20 இடம், 21 வலம், 22, 23, 24 மூன்று பட்டன்கள். 1, 2, 27, 28 நான்கும் இரு பக்கமும் கிரவுண்டு. 3, 4 ஐந்து வோல்ட். 6 பன்னிரண்டு வோல்ட். ஈயப் பக்கத்தில் எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் இருக்கும், ஜி, ஐ, ஓ, க்யூ நான்கையும் விட்டுவிட்டு. எழுத்தை எண்ணினால் வழி தவறும். இடத்தை எண்ணுங்கள்.

முதல் பட்டனும் இரண்டாம் பட்டனும் சேர்ந்தே வேலை செய்தால் 22, 23 அருகருகே இருப்பதை நினைத்துப் பாருங்கள். நடுவே ஒரு துளி ஈயமோ ஒயர் இழையோ நிற்கும். கனெக்டருக்குள் நுழையும் போர்டு விளிம்பின் செம்புப் பட்டைகள், அதாவது விரல்கள், கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலில் துடையுங்கள்.

கனெக்டர் தலைகீழாக நுழையாமல் தடுக்க 7ஆம் இடத்தில் இருக்கும் தடுப்புச் சாவி உடைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். கனெக்டரைத் திருப்பி மாட்டினால் 6க்கு எதிரே வருவது 23. பன்னிரண்டு வோல்ட் நேராக இரண்டாம் பட்டனின் உள்ளீட்டில் ஏறும்.

ஆறு பட்டன் சண்டை விளையாட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டில் மூன்று குத்துகள் மட்டுமே ஜாமா வழியாக வரும். மூன்று உதைகளும் போர்டில் உள்ள வேறொரு சிறிய கனெக்டர் வழியாக வரும். உதை மட்டும் மொத்தமாகச் செத்திருந்தால் அந்தச் சிறிய பிளக்கைப் பாருங்கள்.

போர்டுதான் என்று சொல்வதற்கு முன்

5 வோல்ட்டைச் சப்ளையில் அளக்காமல் போர்டின் விரலில் அளந்து பாருங்கள். 4.75க்குக் கீழே இருந்தால் பட்டன் மட்டுமல்ல, எல்லாமே பைத்தியம் பிடித்தாற்போல நடந்துகொள்ளும். சப்ளையில் உள்ள சிறிய திருகைத் திருப்பி 5.0க்குக் கொண்டுவாருங்கள், 5.25ஐத் தாண்ட விடாதீர்கள்.

அதற்குப் பிறகு, பெட்டி சோதனைத் திரையில் இருக்கும்போது, வேலை செய்யாத பட்டனுக்குரிய விரலைக் கனெக்டரின் பின்புறத்திலிருந்தே ஒயரால் கிரவுண்டில் தொடுங்கள். எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தொடுங்கள். ஐந்து வோல்ட் விரலைத் தொட்டால் ஷார்ட். திரை மாறினால் போர்டு நன்றாக இருக்கிறது, கனெக்டரிலிருந்து பலகைக்கு வரும் ஒயரில்தான் கோளாறு. மாறாவிட்டால் உள்ளீட்டு ஐ.சி.யோ ரெசிஸ்டர் கட்டோ போயிருக்கிறது.

அங்கே நீங்களே சால்டரிங் அயர்னை வைக்க வேண்டாம். பல அடுக்குப் போர்டில் ஐ.சி. எடுத்துப் பழகியவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது எந்த ஆட்டக்காரர், எந்த இடத்து எண், அழுத்தாதபோது எத்தனை வோல்ட், விரலைக் கிரவுண்டில் தொட்டபோது திரை என்ன செய்தது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதி போர்டோடு கட்டி அனுப்புங்கள். 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவரும் முதலில் பட்டனைத்தான் மாற்றச் சொல்வார்.